சுட்ட தண்ணீரா, சுடாத தண்ணீரா? அழகர் மலை அடிவாரத்தில் ஓர் இரவு தங்கி, விடியலில் ஊற்றுக்கு நடக்க ஒரு வழிகாட்டி

மதுரைப் பக்கம் வெந்நீர் ஊற்று ஏதாவது இருக்கிறதா என்று வருடத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்டுவிடுகிறார்கள். இமயமலையில் பனிக்கு நடுவே ஆவி பறக்கும் குளத்தில் கழுத்தளவு உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு வருகிற ஆசை அது. அடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தூங்கி, காலையில் நடந்து போய் ஊற்றில் இறங்க வேண்டும். ஆசையில் தப்பில்லை. ஆனால் வெந்நீர் மட்டும் நம் பக்கம் கிடையாது.

ஏன் கிடையாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பூமிக்குள் கீழே போகப் போகச் சூடு ஏறும். பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை. மழைத் தண்ணீர் பாறைப் பிளவு வழியாக மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, ஆறுவதற்குள் வேறொரு பிளவு வழியாக மேலே வந்துவிட வேண்டும். அப்படி வந்தால்தான் வெந்நீர் ஊற்று. இமாச்சலத்தின் மணிகரணில் அப்படி வரும் தண்ணீரில் அரிசியைத் துணியில் முடிந்து போட்டுச் சோறே வடித்துவிடுகிறார்கள். தமிழர்களுக்குப் பழக்கமான வெந்நீர் ஊற்று என்றால் இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்திலிருக்கும் கன்னியா. ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, இராவணன் கதை வேறு. மதுரையைச் சுற்றி இருப்பதோ மிகப் பழைய கடும்பாறை. இங்கே மழைநீர் மேலோட்டமான வெடிப்புகளில் ஊறி, அதிக ஆழம் போகாமல், மலைச்சரிவில் எங்கோ ஒரு இடத்தில் கசிந்து வந்துவிடும். அதைத்தான் சுனை, ஊற்று என்கிறோம்.

அப்படிப்பட்ட சுடாத ஊற்றுகளில் மதுரைக்காரர்களுக்கு மிக நெருக்கமானது அழகர் மலை நூபுர கங்கை. நூபுரம் என்றாலும் சிலம்பு என்றாலும் ஒன்றுதான். அதனால் சிலம்பாறு என்றும் பெயர். உலகளந்த பெருமாள் தூக்கிய காலைப் பிரம்மா கழுவியபோது சிலம்பிலிருந்து சிதறிய தண்ணீர் என்பது தலபுராணம். போகிற வழியில் பழமுதிர்சோலை. ஔவையிடம் முருகன் "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா" என்று கேட்டதாகச் சொல்லப்படும் நாவல் மரம் அங்கேதான். தண்ணீர் விஷயத்தில் நமக்கு அந்தத் தேர்வும் இல்லை.

இந்த மலையின் ஊற்றுக்கு வழி சொல்வது புதிய வேலையும் இல்லை. சிலப்பதிகாரத்தில், மதுரைக்குப் போகும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளைச் சொல்கிறான். அதில் ஒன்று திருமால் குன்றத்தின், அதாவது இந்த அழகர் மலையின், வழியாகப் போகிறது. அங்கே புண்ணிய சரவணம், பவகாரணி, இட்டசித்தி என்று மூன்று பொய்கைகள் உண்டு, இன்னின்னதில் குளித்தால் இன்னின்ன பலன் என்று விவரமாகச் சொல்கிறான். எங்கே தங்குவது, என்ன கொண்டுபோவது என்பதை மட்டும் விட்டுவிட்டான். அதை நான் சொல்கிறேன்.

மலையில் தங்காதீர்கள்

வழிகாட்டியின் பாதி இந்த ஒரு வரிதான். அழகர் மலை காப்புக்காடு. அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைவதும், தீ மூட்டுவதும், கூடாரம் அடிப்பதும் வனச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ எந்த வேகத்தில் மேலே ஏறும் என்பதை நம் பக்கத்து ஆட்கள் அன்றைக்குத்தான் உணர்ந்தோம். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென்று வந்த ஓடை வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனது. கோடை மழை மேலே பெய்தால் கீழே இருப்பவனுக்குச் சத்தம்கூட முன்கூட்டியே கேட்காது.

நம் ஊர்க்காரர்கள் கோயில் மலைகளில் காலங்காலமாகச் செய்வதும் இதுதான்: கீழே தங்கு, வெளிச்சத்தில் ஏறு, வெளிச்சத்திலேயே இறங்கு. சித்திரையிலும் ஆடியிலும் கூட்டுவண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்து, அழகர்கோயில் மரத்தடிகளில் பாய் விரித்து, அடுப்புக் கூட்டிப் பொங்கி, மறுநாள் தீர்த்தமாடிப் போனவர்கள்தான் நம் முன்னோர். அதற்கு யாரும் கேம்பிங் என்று பெயர் வைக்கவில்லை, ராத்தங்கல் என்றார்கள்.

அடிவாரத்தில் தங்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, கோயில் தங்கும் விடுதி அல்லது சுற்றியிருக்கும் தனியார் அறைகள். சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தால் யோசிக்காமல் அறை எடுங்கள். இரண்டாவது, தோப்பு. கள்ளந்திரியைத் தாண்டி மலையை நெருங்க நெருங்க, சாலைக்கு இருபுறமும் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் இருக்கும். தோப்புக்காரரிடம் அனுமதி வாங்கி ஒரு மூலையில் படுப்பதுதான் நான் செய்வது.

அனுமதி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இருட்டிய பிறகு போய்க் கேட்காதீர்கள். எவனோ திருட வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். சாயங்காலம் நான்கு மணிக்குள் போங்கள். ஆறேழு பேரும் மொத்தமாக உள்ளே நுழையாமல் இரண்டு பேர் மட்டும் போய்ப் பேசுங்கள். நான் முதன்முதலில் போனபோது காவல்காரப் பெரியவர் கேட்ட கேள்விகள் இவை: "எந்தூருப்பா? எத்தனை பேரு? குடிப்பீங்களா? மாங்காயில கை வைப்பீங்களா?" நான், "இல்லண்ணே, ராத்திரி படுத்துட்டு விடிய மலைக்குப் போயிருவோம்" என்றேன். "என்னையப் பாத்தா அண்ணே மாதிரியா இருக்கு?" என்றவர், அதற்கப்புறம் அவரே இடத்தைக் காட்டினார். மோட்டார் அறை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நாய் கட்டியிருக்கிறது, தண்ணீர் எங்கே பிடிக்கலாம் என்பதை அவரிடம் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தால் சிலர் வாங்குவார்கள், சிலர் வாங்க மாட்டார்கள். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்த மாதம்

கார்த்திகை பாதியிலிருந்து தை முடிய. மதுரைக்கு முக்கியமான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. அது நின்று பத்துப் பதினைந்து நாளில் மலை நன்றாக ஊறியிருக்கும், ஓடையும் தெளிந்திருக்கும். மழை பிடித்துக்கொண்டிருக்கும் வாரத்தில் மட்டும் வேண்டாம்.

மார்கழிக்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் கிணறு வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், மார்கழி விடியலில் முதல் வாளியில் மெல்ல ஆவி பறக்கும். தரைக்குச் சில மீட்டர் கீழே வெப்பநிலை வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். வெளிக்காற்று குளிர்ந்துபோவதால் தண்ணீர் நமக்கு வெதுவெதுப்பாகத் தெரிகிறது. அதே தண்ணீர் சித்திரையில் சில்லென்று இருக்கும். மலை ஊற்றில் அந்த அளவு கதகதப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆனாலும் ஜிலீரென்று உயிர் போகும் என்று பயந்து போனவர்கள் இறங்கியதும், "பரவாயில்லையே" என்று சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன். வெந்நீர் ஊற்றுக்கு நம்மூரில் இதைவிடக் கிட்டத்தில் போக முடியாது.

மாசி பாதிக்கு மேல் காடு காய ஆரம்பித்துவிடும். பங்குனி, சித்திரை, வைகாசி எனக்கு வேண்டாத மாதங்கள். ஆடி அமாவாசை, ஆடிப் பௌர்ணமித் தேரோட்டம், ஐப்பசியில் அழகரே நூபுர கங்கைக்குப் போய் நீராடும் தைலக்காப்பு என்று திருவிழா நாட்களில் கூட்டம் நெரியும். திருவிழாவைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி, அமைதியாக ஒரு ராத்திரி வேண்டும் என்றால் திங்கள், புதன் மாதிரி சாதாரண நாளாகப் பாருங்கள்.

மூட்டையில் என்ன

கூடாரம் தேவையா என்று கேட்பார்கள். மதுரைக்கு அவ்வளவாகத் தேவையில்லை. ஒருமுறை நண்பனிடம் இரவல் வாங்கிய கூடாரத்தில் மூன்று பேர் படுத்தோம். காற்று வரும் வலைச்சன்னலைப் பூச்சிக்குப் பயந்து மூடிவிட்டோம். விடியும்போது எங்கள் மூச்சுக்காற்றே உள்துணியில் நீராக நின்று முகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அதன்பிறகு நான் கொண்டுபோவது தரையில் விரிக்க ஒரு தார்ப்பாய், அதன் மேல் கோரைப்பாய், ஒரு ஜமக்காளம், போர்வை, அப்புறம் கொசுவலை. மார்கழியில் பனி இறங்கும் என்பதால் தலைக்கு ஒரு துண்டு.

கொசுவலையைக் கொசுவுக்காக மட்டும் சொல்லவில்லை. தரையில் படுப்பவர்களுக்கு உண்மையான ஆபத்து கட்டுவிரியன். அது ராத்திரியில்தான் நடமாடும். தூங்குகிறவரைக் கடித்தால் பல நேரம் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. கண் இமை தொங்குவதும் வயிற்றுவலியும் மூச்சுத் திணறலும் வந்த பிறகுதான் தெரியும். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நாலாபுறமும் நன்றாகச் செருகிவிட்டுப் படுத்தால் அந்தக் கவலை பெருமளவு குறையும். சந்தேகம் வந்தாலே கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது என்று நேரத்தைக் கழிக்காதீர்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108ஐ அழைத்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மலையடிவாரத்திலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம்தான்.

மற்றபடி ஆளுக்கு ஒரு டார்ச், மாற்றுத் துணி, ஈரத்துணி போட ஒரு பை, இரண்டு லிட்டர் தண்ணீர். செருப்பு பட்டை அறாததாக இருக்கட்டும்.

சாப்பாடு கட்டுச்சோறுதான். புளியோதரையைக் காலையிலேயே கிளறி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, ஆறவிட்டுக் கட்டினால் மறுநாள் காலைவரை கெடாது. தயிர்சாதத்துக்குக் குழைந்த சோற்றில் பாலை ஊற்றி, உறைக்கு ஒரு கரண்டித் தயிர் மட்டும் விடுங்கள். ராத்திரி சாப்பிடும்போது புளிக்காமல் இருக்கும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி விடியலுக்கு. தோப்பில் அடுப்பு மூட்டுவதை நான் விட்டுவிட்டேன். அனுமதி கிடைத்தாலும் சருகு கிடக்கிற இடத்தில் தீ வேண்டாம். டீ இல்லாமல் முடியாது என்றால் சின்ன எரிவாயு அடுப்பு, அதுவும் வெட்டவெளி மண்தரையில்.

முதல் நாள் சாயங்காலம்

பெரியார் நிலையத்திலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் அழகர்கோயிலுக்குப் பேருந்து உண்டு. கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி, கள்ளந்திரி என்று போகும். வழியெல்லாம் சாலையோரத்தில் சித்திரையில் அழகர் தங்கிப்போகும் மண்டபங்களைப் பார்க்கலாம். மலையிலிருந்து மதுரைக்குப் போகிறவருக்கே இத்தனை தங்கல் தேவைப்பட்டிருக்கிறது.

இடம் பேசி மூட்டையை இறக்கியதும் கோயிலுக்குப் போய்வந்துவிடுங்கள். கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறையுங்கள். பதினெட்டாம்படிக் கருப்பருக்கு இங்கே சாத்தியிருக்கும் கதவுக்குத்தான் சந்தனமும் மாலையும். மேலூர்ப் பக்கத்துப் பெருசுகளிடம் ஏதாவது தகராறு என்றால், "கருப்பர் வாசல்ல வந்து சத்தியம் பண்ணு" என்பதுதான் கடைசிப் பேச்சு. பெருமாளைச் சேவித்துவிட்டுப் பிரசாதக் கடையில் தோசை வாங்குங்கள். முழு உளுந்து, மிளகு, சீரகம் போட்டு நெய்யில் வேகவைத்த கனத்த தோசை. ஹோட்டல் தோசை மாதிரி நினைத்து ஆளுக்கு இரண்டு வாங்கிவிடாதீர்கள், ஒன்றை இரண்டு பேர் தின்றாலே ராத்திரிச் சாப்பாடு பாதி முடிந்துவிடும். உற்சவர் அபிஷேகத்துக்கும் இந்தத் தோசைக்கும் நூபுர கங்கைத் தண்ணீர்தான் என்பார்கள். நாளைக்குப் போகப்போகிற ஊற்று இன்றைக்கே வயிற்றுக்குள் வந்துவிட்டது.

திரும்பும்போதே சோதனைச் சாவடியில் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: காலையில் எத்தனை மணிக்கு விடுவார்கள், நடந்து போக விடுகிறார்களா, ஊற்றில் குளிக்க எந்த நேரம்வரை. இவை பருவத்துக்கும் கூட்டத்துக்கும் தகுந்தபடி மாறும்.

ராத்திரி

எட்டு மணிக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்துவிடுங்கள். மிச்சச் சோற்றைத் திறந்து வைக்க வேண்டாம், நாயும் எலியும் வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். செருப்பை வலைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காலையில் தேள் இருக்கிறதா என்று உதறிவிட்டுப் போடுங்கள். தேங்காய் விழும் எல்லைக்குள் படுக்காதீர்கள். இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன், போன வருடம் கூட வந்த தம்பி நேரே குலைக்குக் கீழே பாய் விரித்தான். பாட்டுப் பெட்டி வேண்டாம். மலையிலிருந்து காற்று இறங்கும் சத்தம் பதினொரு மணிக்கு மேல்தான் தெளிவாகக் கேட்கும்.

விடிந்ததும்

பாயைச் சுருட்டி, படுத்த இடத்தில் ஒரு காகிதத் துண்டுகூட இல்லாமல் பார்த்துவிட்டு, மூட்டையைக் காவல்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு கிளம்புங்கள். வெறுங்கை என்பதை அழுத்திச் சொல்கிறேன், காரணம் குரங்கு. அழகர் மலைக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு போதும், எங்கிருந்தாலும் வந்துவிடும். என் கையிலிருந்த இட்லி டப்பாவைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, பொடி காரமாக இருந்ததால் இட்லியைத் துடைத்துவிட்டுத் தின்றது ஒன்று. பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுபறி செய்தால் கடிக்கும். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணிநேரம் கழுவி, அன்றைக்கே நாய்க்கடி ஊசிக்குப் போக வேண்டும். கண்ணாடி போட்டவர்களும் கவனம்.

மேலே தார்ச்சாலை உண்டு, கோயில் வேனும் ஓடும். நடந்தால் மெதுவாக ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். சாலையை விட்டு ஒற்றையடிப் பாதையில் குறுக்கே ஏற வேண்டாம், இது காட்டுமாடு இருக்கும் மலை. ஒற்றையாக நிற்கும் கிழட்டுக் காளையைப் பார்த்தால் படம் எடுக்க நெருங்காமல் வந்த வழியே பின்வாங்குங்கள். முதல் அரை மணி நேரம் உடம்பு முனகும், மூச்சை விட்டுப் பிடித்து நடங்கள். முதலில் பழமுதிர்சோலை வரும். அதைத் தாண்டிக் கொஞ்சம் போனால் ராக்காயி அம்மன் கோயில், அங்கேதான் ஊற்று. நான் குளித்துவிட்டுத் திரும்பும்போதுதான் முருகனைப் பார்ப்பேன்.

ஊற்றில்

இது நீச்சல் குளம் இல்லை, தீர்த்தம். வரிசை இருக்கும், கட்டணச் சீட்டு கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குள் விழும் தண்ணீரில் நின்று தலையை நனைத்து நகர வேண்டும், அரை மணி நேரம் ஊறிக் கிடக்க முடியாது. எண்ணெய், சீயக்காய், சோப்பு, ஷாம்பு எதுவும் வேண்டாம். இந்தத் தண்ணீர்தான் கீழே அபிஷேகத்துக்கும் தோசைக்கும் போகிறது என்பதை நினைத்துக்கொண்டால் கை தானாக நிற்கும். கல் வழுக்கும்; பெரியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். ஏறிவந்த வியர்வையோடு நேரே தலையைக் கொடுக்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்து, காலை நனைத்து, முகத்தைக் கழுவி, அப்புறம் இறங்குங்கள். ஈரத்துணியைப் பாறையில் காயப்போட்டு உட்காராதீர்கள், அதுவும் குரங்குக்குத்தான் போய்ச்சேரும்.

நேரமும் காலில் தெம்பும் மிச்சமிருந்தால்

இறங்கி வந்தபின் மலையின் இன்னொரு பக்கம் கிடாரிப்பட்டிக்குப் போகலாம். அங்கே குகைத்தளத்தில் சமண முனிவர்களுக்கு வெட்டிக்கொடுத்த கற்படுக்கைகளும், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழ்ப் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. வெட்டிக்கொடுத்தவர்களில் மதுரைப் பொற்கொல்லன் ஒருவர், உப்பு வணிகர், ஏர்க்கொழு விற்ற கொழு வணிகர், துணி விற்ற அறுவை வணிகர் என்று கடைத்தெருவே இருக்கிறது. தலைமாடு கொஞ்சம் உயர்த்திச் செதுக்கிய படுக்கையைப் பார்த்தால், நாம் சுமந்து வந்த கோரைப்பாய் ஆடம்பரமாகத் தெரியும். பாதுகாக்கப்பட்ட இடம், பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். சுனைகளே இன்னும் பார்க்க ஆசை என்றால் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே தங்கல் வேண்டாம், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

அதற்கு முன்னால் தோப்புக்குப் போய் மூட்டையை எடுக்க வேண்டுமே. மேலே போகும்போது கையில் எதுவும் வேண்டாம் என்றேன், ஒன்றைத் தவிர. இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு காலி பாட்டில். முதல் தடவை காவல்காரப் பெரியவர் கேட்டது அதைத்தான். "முப்பது வருசமா இந்த மலைக்குக் கீழதான் கெடக்கேன். இப்ப முட்டி ஏற விட மாட்டேங்குது. ஒரு பாட்டிலு தீர்த்தம் கொண்டாந்து குடுத்துட்டுப் போங்கப்பா." இப்போதெல்லாம் வருகிறோம் என்று போனில் சொன்னால், எத்தனை பேர் என்று அவர் கேட்பதில்லை. எத்தனை பாட்டில் என்றுதான் கேட்கிறார்.